புத்தகத்துக்கு முறை வைத்தல்

பகல் வேளையில் அந்தப் புத்தகம் ஒருதடவைகூட எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைத்ததில்லை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நூலகத்துக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் ஒரு நீண்ட மேசை. அதன் பின்னால் வாசகர் யாரும் போக முடியாத அலமாரிகள். இந்தப் பருவத்தில் என் மாணவர்கள் படித்தாக வேண்டியவை என்று ஆசிரியர்கள் பட்டியல் போட்டுக் கொடுத்த நூல்கள் அங்கே இருந்தன. 'ரிசர்வ்' என்போம். பாடத்தின் எண்ணைச் சொன்னால் மேசையில் இருப்பவர் உள்ளே போய் எடுத்து வருவார். முதுகில் சிவப்புப் பட்டை ஒட்டிய புத்தகம் வரும். உள்ளே செருகியிருந்த சீட்டில் திருப்பித் தர வேண்டிய நேரத்தை எழுதுவார். தேதி கிடையாது, மணிதான். மாலை 6.40 என்றால் 6.40.

மற்ற நூல்களைப் பருவம் முழுக்க அறையில் அடுக்கி வைத்துக்கொள்ளலாம். ரிசர்வ் புத்தகத்துக்கு அபராதமே மணிக்கணக்கில். இரவு நூலகம் மூடுவதற்குச் சற்று முன்னால் போய் நின்றால் அறைக்குக் கொண்டுபோக விடுவார்கள். மறுநாள் கதவு திறந்த ஒரு மணி நேரத்துக்குள் மேசைக்கு வந்துவிட வேண்டும். பனிக்காலத்தில் அப்படிக் கிடைத்த ராத்திரிப் புத்தகத்தைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, உறைந்த நடைபாதையில் வழுக்காமல் நடந்து வருவேன். விடியும்வரை அது என்னுடையது. என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக வேறெதையும் படித்ததில்லை. சொந்தப் புத்தகம் காத்திருக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனமும் சொல்லும். இரவல் மணிகளில் படிக்கும்போது அப்படிச் சொல்ல மனத்துக்கு இடமில்லை.

அந்தப் புத்தகம் எலினோர் ஆஸ்ட்ரம் எழுதிய 'கவர்னிங் தி காமன்ஸ்'. 1990இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. பொதுவில் இருக்கும் மேய்ச்சல் நிலத்தை, மீனை, தண்ணீரை மனிதர்கள் ஆளுக்கு ஆள் அள்ளி அழித்துவிடுவார்கள். ஆகவே அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தனியாருக்குப் பங்கு பிரித்துவிட வேண்டும் என்பதே அன்று வகுப்பறைகளில் ஓங்கியிருந்த பேச்சு. காரெட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆஸ்ட்ரம் அதோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே விதி வகுத்துக்கொண்டு பொதுவளத்தைக் காத்துவரும் ஊர்களைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றாக விவரித்தார். சுவிட்சர்லாந்தின் ஒரு மலைக்கிராமம், ஜப்பானிய ஊர்களின் காடுகள், பிலிப்பைன்ஸின் பாசனக் குழுக்கள், ஸ்பெயினின் வாலென்சியா. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அத்துறையில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். நான் படித்த காலத்தில் அதெல்லாம் வெகு தூரத்தில் இருந்தது. முப்பத்தெட்டுப் பேர் இருந்த வகுப்புக்கு நூலகத்தில் இரண்டு பிரதிகள்.

வாலென்சியாவைப் பற்றிய பக்கங்களை நான் படித்தது ஒரு ராத்திரிப் புத்தகத்தில். அங்கே வாய்க்கால் தண்ணீர் வரிசைப்படி நிலத்துக்கு நிலம் போகிறது. தன் முறை வரும்போது உழவர் மதகைத் திறந்து, பயிருக்கு வேண்டிய அளவு விட்டுக்கொள்ளலாம், வீணாக்கக் கூடாது. முறை வரும்போது அவர் அங்கே இல்லாமல் போனால் தண்ணீர் அவரைத் தாண்டிப் போய்விடும். மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் ஊர் சிவகங்கைச் சீமையில். கண்மாய்ப் பாசனம். அப்பத்தாவின் நிலம் கடைமடையில் இருந்தது. மழை தாராளமாகப் பெய்த வருஷத்தில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள், வாய்க்கால் தன்பாட்டுக்கு ஓடும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கண்மாய் வற்றத் தொடங்கினால்தான் ஊர் கூடி முறை வைக்கும். இன்னாருக்கு இவ்வளவு நேரம் என்று. அதைப் பார்த்துக்கொள்ள நீர்ப்பாய்ச்சி ஒருவர். அந்த ஆயக்கட்டில் அவருக்குக் குழி நிலம் கிடையாது. அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் அளப்பார்கள். தனக்கென்று ஒரு பாத்தி இல்லாதவர் கையில்தான் எல்லோருடைய தண்ணீரும் இருந்தது. சின்ன வயதில் ஒருநாள் அரிக்கேன் விளக்கோடு அப்பத்தாவின் கூடப் போயிருக்கிறேன்.

"ஆத்தா, நேரமாச்சு. அடைக்கப் போறேன்" என்றார் அவர்.

"அந்தக் கடேசிப் பாத்தி மட்டும் நனைஞ்சிரட்டும்ப்பா."

"அடுத்த முறையில பாத்துக்குவோம் ஆத்தா. அவுக நின்னுக்கிட்டிருக்காக பாருங்க."

இருட்டில், வரப்பில், மண்வெட்டியோடு இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். அப்பத்தா அதற்கு மேல் பேசவில்லை. மண்ணை அள்ளிப் போட்டு வாயை அடைப்பதற்கு அவளும் கைகொடுத்தாள்.

முறை என்ற நம் சொல்லுக்குள் எத்தனை பொருள்கள்! வரிசை, தடவை, ஒழுங்கு, உறவு. முறை செய்தல் என்றால் பழைய தமிழில் நீதி வழங்குவது. ரிசர்வ் மேசைக்கு எதிரே வரிசையில் நின்றபோது எனக்கு அந்தச் சொல்தான் ஓயாமல் நினைவில் வந்தது. மாலை வேளைகளில் அந்த மேசையில் என் வகுப்புத் தோழி ஒருத்தி வேலை பார்த்தாள். மணிக்கூலிக்கு வேலை செய்து படிப்பவள். ஒருநாள் தேர்வுக்கு முந்தைய இரவு இன்னும் அரை மணி நேரம் கேட்டேன். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். ஒருவன் நின்றான். முடியாது என்று தலையசைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். அவளும் அதே தேர்வை எழுத வேண்டியவள், அவளும் அந்தப் புத்தகத்தை அந்த இரவு பார்க்கவில்லை. அன்று வந்த கோபம் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் தணிந்துவிட்டது.

'ரிசர்வ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தால் ஒதுக்கீடு என்றே வருகிறது. அந்தச் சொல்லை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கென ஒரு இடம் ஒதுக்கப்பட்டிருந்ததால் மிதித்தேன். ஒதுக்குவது என்ற வினை இரண்டு பக்கமும் ஓடுகிறது. ஓரமாகத் தள்ளுவதும் ஒதுக்குவதுதான், ஒருவருக்கென எடுத்து வைப்பதும் ஒதுக்குவதுதான். முதல் ஒதுக்கலின் காயத்துக்கு இரண்டாவது ஒதுக்கல் மருந்து என்று எங்கள் தலைமுறை கற்றுக்கொண்டது. நூலக அலமாரியிலும் இதே கணக்கு ஓடுகிறது. ரிசர்வ் இல்லாத நூலகத்தில் பருவத்தின் முதல் நாளே பாடத்திட்டத்தைக் கையில் வைத்திருப்பவனுக்குப் புத்தகம் போய்விடும். எந்த நூல் முக்கியம் என்று முன்கூட்டியே சொல்லித்தர வீட்டில் படித்தவர்கள் இருப்பவன் அவன். தாமதமாக அறிகிறவள், வேலை முடிந்து ஏழு மணிக்கு நூலகத்துக்கு வருகிறவள், அலமாரியில் ஓர் இடைவெளியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவாள். முந்தியவருக்கே முழுதும் என்பதை மறுக்கத்தான் ஆசிரியர் அந்த நூலை அலமாரியிலிருந்து எடுத்து மேசைக்குப் பின்னால் வைக்கிறார். ஏற்கெனவே யாராவது இரவல் எடுத்துப் போயிருந்தால், பேராசிரியராகவே இருந்தாலும், திருப்பிக் கேட்டு வாங்குகிறது நூலகம். கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டுமென்றால் தலைமடையில் கை வைத்தே தீர வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வயதுதான். ஹார்வர்டில் ஜான் லாங்டன் சிப்லி நூலகராக இருந்த காலத்தைப் பற்றி ஒரு கதை நூலகர்கள் நடுவே வழங்குகிறது. ஒரு நாள் அவர் மலர்ந்த முகத்தோடு வளாகத்தில் வேகமாக நடந்து போனாராம். எல்லாப் புத்தகங்களும் அலமாரிக்குத் திரும்பிவிட்டன, ஒன்றே ஒன்று பேராசிரியர் அகாசியிடம் இருக்கிறது, அதை வாங்கிவரத்தான் போகிறேன் என்றாராம். நடந்ததோ இல்லையோ, பத்தொன்பதாம் நூற்றாண்டு நூலகத்தின் மனம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. அவருக்குப் பின் 1877இல் ஜஸ்டின் வின்சர் வந்தார். பாஸ்டன் பொது நூலகத்தை நடத்திய அனுபவம் உள்ளவர். அதே காலத்தில் வகுப்பறையும் மாறிக்கொண்டிருந்தது. ஒரே பாடநூலை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது போய், ஆசிரியர் உரையாற்றுவது, மாணவர் பல நூல்களைத் தேடிப் படிப்பது என்ற பழக்கம் வந்தது. அப்போதுதான் ஒரே வாரத்தில் ஒரே புத்தகம் நாற்பது பேருக்கு வேண்டியதாயிற்று. பேராசிரியர்கள் பட்டியல் கொடுக்க, அந்த நூல்களைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கத்தை வின்சர் நிலைநிறுத்தினார். மனப்பாடம் செத்த இடத்தில் ரிசர்வ் பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆனால் முறை வைக்கும் ஊரில் யாருக்கு முறை உண்டு என்பதையும் ஊர்தான் தீர்மானிக்கிறது. அதே ஹார்வர்டில் இளநிலை மாணவர்களுக்காகவே லாமண்ட் நூலகம் 1949இல் திறக்கப்பட்டது. பாட நூல்கள் எளிதில் கைக்கு எட்ட வேண்டும் என்று யோசித்துக் கட்டியது. அதற்குள் பெண் மாணவர்களை 1967இல்தான் அனுமதித்தார்கள். அதே ஆசிரியர்களிடம் பாடம் கேட்ட பெண்களுக்குப் பதினெட்டு ஆண்டுகள் அந்தக் கதவு திறக்கவில்லை. கிணற்றங்கரையில் யார் நிற்கலாம், யார் எட்ட நிற்க வேண்டும் என்ற வரலாற்றிலிருந்து வந்த எவருக்கும் இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கும்.

நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானபோது அவர் மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளின் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. ஐரோப்பிய மடாலயங்களிலும் தேவாலயங்களிலும் புத்தகங்களை இரும்புச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வைத்திருந்த காலத்தை அந்த விதிக்கு நேர் எதிராக நிறுத்துகிறார் அவர். இங்கிலாந்தின் ஹெரிஃபர்டு தேவாலயத்தில் அந்தச் சங்கிலிகளை இன்றும் பார்க்கலாம். எனக்கு நெடுநாள் ஒரு சந்தேகம் இருந்தது. ரிசர்வும் ஒரு சங்கிலிதானே? இரண்டு மணி நேர நீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத சங்கிலி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்கிறது ரங்கநாதனின் இரண்டாவது விதி. வாசகரின் நேரத்தைச் சேமி என்கிறது நான்காவது. ரிசர்வ் மேசையில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. என் நேரத்தைக் கத்தரித்துத்தான் எனக்குப் பின்னால் நிற்பவருக்கு அவருடைய நூலைத் தர முடிகிறது. மடாலயச் சங்கிலி புத்தகம் தொலையாமல் இருப்பதற்காக. இந்தச் சங்கிலியின் மறுமுனை இன்னொரு வாசகரின் கையில் இருக்கிறது. அதனால் இதை ரங்கநாதன் வெறுத்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

அந்தக் கையை எல்லோரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒருமுறை புத்தகத்தைத் திறந்தபோது மூன்றாம் அத்தியாயத்தின் நடுவில் ஆறு தாள்கள் இல்லை. பிளேடு வைத்து ஓரத்தோடு அறுத்திருந்தார்கள். ஜெராக்ஸ் இயந்திரம் பத்தடி தூரத்தில் இருந்தது. காசு இல்லையா, வரிசை நீளமா, அல்லது தனக்குப் பின்னால் யாரும் படித்துவிடக் கூடாது என்ற எண்ணமா? யாரென்று கடைசிவரை தெரியவில்லை. வகுப்பில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தச் சில நாட்கள் எனக்கு மறக்கவில்லை. வாய்க்காலை இரவில் யாரோ வெட்டிவிட்டால் ஊரில் மறுநாள் நிலவும் அமைதி அது. நூலகத்தில் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து அந்தப் பக்கங்களின் நகலை வரவழைத்து, அளவாக வெட்டி, பசை தடவி உள்ளே ஒட்டினார்கள். பழைய தாள்களுக்கு நடுவே அந்த ஆறு தாள்களும் கூடுதல் வெள்ளையாக இருந்தன. அதற்குப் பிறகு படித்த எல்லோரும் அந்த வெள்ளையைத் தொட்டுத்தான் கடந்தோம்.

ஜெராக்ஸ் என்றதும் டெல்லி நினைவுக்கு வருகிறது. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் டெல்லி பல்கலைக்கழகத்தின் மீதும் ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி சர்வீஸ் என்ற சிறு கடையின் மீதும் வழக்குப் போட்டன. டெல்லி பொருளியல் பள்ளி வளாகத்தில் பல்கலைக்கழகத்தின் உரிமத்தோடு நடந்த கடை அது. பாடத்திட்டத்தில் உள்ள அத்தியாயங்களை நூலகப் புத்தகங்களிலிருந்து நகலெடுத்து, ஒரு கட்டாகத் தைத்து மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ரிசர்வ் அலமாரி நடந்து வந்து மாணவர் கையில் உட்கார்ந்த மாதிரி. மாணவர்கள் சங்கமாகச் சேர்ந்து வழக்கில் தாங்களும் இணைந்தார்கள். அந்தப் பள்ளியில் ஒருகாலத்தில் கற்பித்த அமர்த்தியா சென் உட்படக் கல்வியாளர்கள் பலர் வழக்கைக் கைவிடும்படி பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டார்கள். 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பது மீறலாகாது என்கிறது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அதை அவர் விரிவாகப் பொருள்கொண்டார். தீர்ப்பில் தான் சட்டம் படித்த நாட்களையும் எழுதியிருக்கிறார். நகலெடுப்பது அரிதாகவும் செலவாகவும் இருந்த காலத்தில் மாணவர்கள் நூலகத்தில் முறை வைத்து உட்கார்ந்து, பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுத்தார்கள் என்கிறார். முறை வைத்து! அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் சட்டத்தின் அந்தப் பொருளை ஏற்றது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

அமெரிக்காவிலும் இதே போன்ற ஒரு வழக்கு நடந்தது. ஆசிரியர்கள் நூல்களின் பகுதிகளை வருடி இணையத்தில் ரிசர்வாக வைத்ததற்காக 2008இல் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீது கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, சேஜ் பதிப்பகங்கள் தொடுத்தது அது. பன்னிரண்டு ஆண்டுகள் இழுத்து, பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாக முடிந்தது. பொதுவளத்தை மனிதர் பகிர்ந்து காக்க முடியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த நூலை அச்சிட்டதும் கேம்பிரிட்ஜ்தான். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அந்தப் பதிப்பகம் இல்லையென்றால் அந்த நூல் என் கைக்கு வந்திருக்காது. எழுதியவருக்கும் அச்சிட்டவருக்கும் களத்தில் நெல் அளக்கத்தான் வேண்டும். எவ்வளவு, யார் தலையில் என்பதில்தான் என் மனம் கடைமடை மாணவரின் பக்கம் சாய்கிறது. சாய்வதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆஸ்ட்ரமே பின்னாளில் சார்லட் ஹெஸ் என்ற நூலகருடன் சேர்ந்து, அறிவையும் ஒரு பொதுவளமாகப் பார்க்கும் தொகுப்பு நூல் ஒன்றை 2007இல் கொண்டுவந்தார்.

இன்று ரிசர்வின் பெரும்பகுதி திரையில். இரவு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், ஒலியாகக் கேட்டுப் படிக்கும் பார்வையற்ற மாணவர் எல்லோருக்கும் அது பெரிய திறப்பு. வரிசையில் நின்ற அழகைச் சொல்லி அதைக் குறைத்துப் பேச மாட்டேன். என் கவலை வேறு. காகிதப் புத்தகத்தை நூலகம் விலை கொடுத்து வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. நூறு பேருக்குக் கொடுக்கலாம், ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாம். மின்னூலுக்கு நூலகம் வாங்குவது பெரும்பாலும் உரிமம் மட்டுமே. ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு நேரத்தில் மூவர் என்று எண்ணிக்கையை விற்பவர் எழுதுகிறார். பல பாடநூல்களை மின்வடிவில் நூலகங்களுக்கு விற்பதே இல்லை. முன்பு முறை வைத்தது ஊர். இப்போது மடையைத் திறக்கும் கை ஊருக்கு வெளியே இருக்கிறது. மேசைக்கு எதிரே நின்று "இன்னும் அரை மணி நேரம்" என்று கேட்பதற்குக்கூட அங்கே ஆள் இல்லை.

2020இல் நூலகங்கள் மூடிக் கிடந்தபோது, ஹாத்திடிரஸ்ட் என்ற நூலகக் கூட்டமைப்பு ஓர் ஏற்பாடு செய்தது. உறுப்பு நூலகத்திடம் எத்தனை காகிதப் பிரதிகள் இருக்கின்றனவோ அத்தனை பேர் ஒரே நேரத்தில் அந்த நூலைத் திரையில் படிக்கலாம். ஒருவருக்கு ஒரு மணி நேரம். வேறு யாரும் கேட்காவிட்டால் நீட்டித்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்த நாட்களில் திரையில் நிமிடங்கள் குறைவதைப் பார்த்தபோது, எங்கோ ஓர் ஊரில் எனக்கு அடுத்த முறைக்காரர் ஒருவர் மண்வெட்டியோடு நிற்பது போலவே இருந்தது.

இப்போது நானே ஒரு சிறு கல்லூரியில் கற்பிக்கிறேன். எங்கள் நூலகத்தில் அந்தப் புத்தகத்தின் ஒரே பிரதி காணாமல் போயிருந்ததால், போன பருவத்தில் என் சொந்தப் பிரதியையே ரிசர்வில் வைத்தேன். அப்படி வைப்பதற்கு வழி உண்டு. ஆசிரியரின் பிரதி என்று ஒரு சீட்டு ஒட்டி, பருவம் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். சென்ற வாரம் வந்து சேர்ந்தது. முதுகு மடிந்து, ஒரு பக்கத்தில் காப்பிக் கறையோடு. வாலென்சியா வரும் இடத்தில், நான் ஏதோ ஒரு காலத்தில் அப்பத்தாவின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். அதற்குக் கீழே வேறொரு கை, பொடி எழுத்தில், தன் மொழியில் ஒரு சொல்லை எழுதியிருக்கிறது. அரபு எழுத்து என்று மட்டும் தெரிகிறது. அந்த வகுப்பில் அந்த எழுத்தை எழுதக்கூடியவர்கள் மூன்று பேர். கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். அடுத்த பருவத்துக்கான பட்டியலை இந்த வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருக்கிறார்கள். புத்தகத்தை அப்படியே மேசைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.